சாதுவான ஆளுக்கு இசையமைப்பு சரிவருமா?

கொட்டாஞ்சேனை நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குறும்படங்களுக்கு இசையமைக்கிறீர்கள். இயக்குநர் "இது சரிவராது" என்றால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச வராது. இளையராஜா மேடையில் ஆட்களைக் கடிந்துகொள்ளும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "அந்த முறுக்கு இல்லாத எனக்கு இந்தத் துறை ஆகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் காணொளிகளை ஓரமாக வைப்போம். ஒரு மனிதரின் நீண்ட நாளில் அரை நிமிடத்தை வெட்டி எடுத்து ஊர்சுற்ற விட்டிருக்கிறார்கள். 2017இல் அவர் பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்குச் சட்டத்தரணி நோட்டீஸ் அனுப்பியபோது காலி வீதித் தேநீர்க் கடைகளிலும் இரண்டு கட்சி. நானும் வாதாடினேன். பாட்டுக்கு உரிமை கேட்டது நியாயம், கேட்ட விதம் பழைய நட்பை நோகடித்தது என்பது என் கட்சி. ஆனால் அந்த நோட்டீஸை வைத்து அவர் இசையமைத்து 1976இல் வந்த 'அன்னக்கிளி'யின் ஒரு சுரத்தைக்கூட விளங்கிக்கொள்ள முடியாது.

விளங்கிக்கொள்ள வேறு வழி உண்டு. அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பாருங்கள். பண்ணைப்புரத்துப் பையன், அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துத் திரிந்தவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக் குறியீட்டைக் கற்றார், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அதன்பிறகு அவருக்கு ஆயுதம் தாளும் பேனாவுந்தான். வயலின்காரர் வந்து அமரும்போது அவர் வாசிக்க வேண்டியது முழுவதும் எழுதி முடிந்திருக்கும். புல்லாங்குழலுக்கும் அப்படியே, பேஸ் கிற்றாருக்கும் அப்படியே. 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டனில் ரோயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த அவருடைய சிம்பொனியும் இதே பழக்கத்தின் நீட்சி. எல்லாம் மனத்துக்குள் தீர்மானமாகிவிட்ட ஆளிடம் இன்னொருவர் வந்து யோசனை சொல்ல இடம் எங்கே இருக்கிறது? அவருடைய கண்டிப்பு வேலைமுறையிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். கண்டிப்பு முதலில் வந்து அதிலிருந்து இசை பிறக்கவில்லை.

எம்.எஸ்.விஸ்வநாதன் இதற்கு நேர் எதிர். ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணதாசனும் இயக்குநரும் சுற்றியிருக்க, பேச்சும் சிரிப்புமாக மெட்டுப் போட்டவர். ஒன்று பிடிக்கவில்லையா, அடுத்தது. உங்கள் கணக்கில் சாது என்றால் அவர்தான் சாது. அதனால் அவருக்கு என்ன குறைந்துபோனது? ஏ.ஆர்.ரஹ்மான் இன்னொரு ரகம். இரவில் வேலை, கூச்ச சுபாவம். பாடகரைப் பல விதமாகப் பாடவிட்டுப் பதிவு செய்துகொண்டு, எது வேண்டுமென்பதைப் பாடகர் போனபிறகு முடிவு செய்வார். யாரோடும் மறுத்துப் பேசவேண்டிய அவசியம் வராதபடி தன் வேலையையே அமைத்துக்கொண்ட கெட்டிக்காரர்!

ஆனால் நீங்கள் சென்னையைப் பார்த்தே ஏங்குகிறீர்கள். நம்மூரில் இருந்த ஒருவரைச் சொல்கிறேன். ஆர்.முத்துசாமி நாகர்கோவிலில் பிறந்த வயலின் கலைஞர். 1950களில் இலங்கை வானொலிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். அப்போது சிங்களச் சினிமா நடை பழகும் குழந்தை. முதற் பேசும்படமான 'கடவுணு பொரொந்துவ' 1947இல் வெளிவந்தது. அதை எடுத்ததே மதுரை சித்திரகலா மூவிடோன் ஸ்டூடியோவில். பாட்டுகள் பெரும்பாலும் ஹிந்தி, தமிழ் மெட்டுகளில் சிங்களச் சொல்லை உட்காரவைத்தவை. இசையமைப்பாளர் என்றால் நகலெடுப்பவர் என்ற அந்தச் சூழலுக்குள் நுழைந்து, தாய்மொழியல்லாத மொழியில் சொந்த மெட்டுகளைப் போட்டார் முத்துசாமி. அதற்கு என்ன வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழில் வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் மெட்டு ஒரு கணம் முட்டுப்படும். உயிரில் முடியும் சிங்களச் சொற்கள் வழுக்கிக்கொண்டு போகும். பாட்டு எழுதியவரைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, காதால் அந்த மொழியின் மூச்சைப் பிடிக்காமல் இது நடக்காது. அடக்கம் என்று நாம் சொல்லும் குணம் அங்கே தொழில் திறமையாகிவிடுகிறது.

அவரே வானொலிக்குத் தமிழ் மெல்லிசைப் பாடல்களும் செய்தார். கட்டடக் கலைஞர் வி.எஸ்.துரைராஜா தயாரித்து டபிள்யூ.எஸ்.மகேந்திரன் இயக்கிய 'குத்துவிளக்கு' (1972) படத்துக்கும் அவர்தான் இசை. எம்.கே.ரொக்சாமியும் அப்படித்தான். சக்ஸபோன் வாசித்த தமிழர், சிங்களப் பாடகர் எச்.ஆர்.ஜோதிபாலவுக்குப் பாட்டுப் போட்டவர். வயதான சிங்களவர்களிடம் இந்த இரண்டு பெயர்களையும் சொன்னால் முகம் மலரும். வெள்ளவத்தையில் சொன்னால் "யார் அது?" என்பார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் இயக்குநர் விஷயம். "சரிவராது" என்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குப் பெயர் சாது அல்ல, அது பயம். அவரிடம் சண்டை பிடிக்கவும் தேவையில்லை. அந்தக் காட்சியை ஒலியில்லாமல் அவரோடு சேர்ந்து பாருங்கள். இசை எந்த இடத்தில் தொடங்குவது அவருக்கு உறுத்துகிறது என்று கேளுங்கள். அநேகமாக மெட்டு குற்றவாளியாக இராது, அது நுழைந்த நேரந்தான் குற்றவாளி. பிரேமசிறி கேமதாச இசையமைத்த 'நிதானய' என்ற சிங்களப் படம் கிடைத்தால் பாருங்கள், இசை எங்கெங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இசையை எனக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இசையை மட்டும் கேட்டு நான் அபிப்பிராயம் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து