கூரைமேற் சூரிய மின்சாரமும் ஊர் மின்கம்பியும்

கிணற்று நீரிறைத்து மிளகாய், வெங்காயம் முதலியவற்றைப் பயிரிடும் கமக்காரர் பலர் இன்று கூரையிற் சூரியத் தகடுகளைப் பொருத்த விரும்புகின்றனர். இறைப்புக்கு மாத்திரம் உதவும் தனித்த தகடுகளுக்கு ஊர்க்கம்பியின் இணைப்பு வேண்டியதில்லை. மிஞ்சும் மின்சாரத்தை ஊர்க்கம்பிக்கு அனுப்ப விரும்புவோர் பின்வருவனவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

ஒழுங்குபடுத்துவோர் யார்?

2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்சாரத்தை விற்பதில்லை. மின்சாரத் தொழில் செய்வோருக்கு உரிமம் வழங்கல், கட்டணங்களை ஆராய்ந்து அங்கீகரித்தல், பாவனையாளருக்கும் மின்வழங்குவோருக்கும் இடையே எழும் பிணக்குகளைத் தீர்த்தல் என்பன அதன் கடமைகளாம். முன்னாளில் வாய்க்கால் நீரைப் பங்கிட்ட வட்டை விதானை அந்நீருக்குச் சொந்தக்காரரல்லர். எனினும் அவரின்றி மேல்மடையாரும் கீழ்மடையாரும் ஒத்துப் பயிர்செய்தல் அரிதாயிருந்தது. ஆணைக்குழுவின் நிலையும் அத்தகையதே.

இணைப்புக்கு எல்லை ஏன்?

ஒவ்வொரு மின்மாற்றியும் தாங்கும் அளவுக்கு எல்லையுண்டு. நண்பகலிற் பல கூரைகள் ஒருங்கே மின்சாரத்தை அனுப்ப, ஊரிற் பாவனை குறைந்திருப்பின், கம்பியில் மின்னழுத்தம் உயரும். அளவுக்கு மிஞ்சி உயர்ந்தால் உங்கள் இன்வேட்டர் தானே நின்றுவிடும், வெயிலிருந்தும் பயனிராது.

நாட்டின் மின்தொகுதிக்கும் இது பொருந்தும். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, பாவனை குறைந்த ஞாயிற்றுக்கிழமைப் பகலில், நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டது. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை பாவனையாளரைக் கேட்டுக்கொண்டது.

செய்யவேண்டியவை

1. முற்பணம் கொடுக்குமுன்னும் கடன் பெறுமுன்னும் மின்வழங்கும் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, உங்கள் மின்மாற்றியில் இடமுண்டா என்பதை எழுத்தில் அறிந்துகொள்க.

2. 2016இல் மூன்று முறைகள் முன்வைக்கப்பட்டன: மிஞ்சிய அலகுகளை அடுத்த மாதக் கணக்கிற் சேர்த்தல், மிஞ்சியதற்குப் பணம் பெறுதல், விளைந்த முழுவதையும் விற்றல். முறைகளும் விலையும் காலத்துக்குக் காலம் மாறுமாதலால், ஒப்பந்தத்திலுள்ள விலையையும் ஆண்டுகளையும் நன்கு வாசித்த பின்னரே கையொப்பமிடுக.

3. மின்தடை வேளையில் ஊர்க்கம்பியோடு இணைந்த சாதாரண இன்வேட்டர் நின்றுவிடும். கம்பியில் வேலைசெய்வோரின் உயிரைக் காப்பதற்கே இவ்வேற்பாடு. ஆதலால், மின்கலம் இன்றி அவ்வேளையில் இறைப்பு நடைபெறுமென நம்பியிருத்தல் கூடாது.

4. பிணக்கு ஏற்படின் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, அதன் பிரதியைப் பேணுக. அங்கு தீராவிடின் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

மண்ணை அறிந்து விதைப்பதுபோல, கம்பியின் நிலையை அறிந்தே தகட்டைப் பொருத்துதல் நன்று.