கரையிறங்கிய பிறகு யாரோடு போவது?

கேள்வி: வரும் மே விடுமுறையில் சிங்கப்பூரில் ஏறி, போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் எடுத்திருக்கிறோம். நான், கணவர், மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. கப்பல்காரர்கள் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தாங்கள் நடத்தும் சுற்றுலாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். ஆறு பேருக்குக் கூட்டிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நாமாகவே சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி?
– வாசகி, மதுரை

பதில்: பினாங்கில் உங்கள் கணவர் சொல்வது சரி. போர்ட் கிளாங்கில் மாமனார் சொல்வது சரி. புக்கெட்டில் மாமியாரின் முழங்காலையும் கடல் அலையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்கப் பார்ப்பதுதான் உங்கள் வீட்டு விவாதம் முடியாமல் போவதற்குக் காரணம். கப்பல் நிற்கும் இடத்துக்கும் நீங்கள் பார்க்க விரும்பும் இடத்துக்கும் எவ்வளவு தூரம், நடுவில் என்ன தடங்கல் வரலாம் என்பதைத் துறைமுகம் துறைமுகமாகப் பாருங்கள்.

கப்பல்காரர்கள் வாங்கும் கட்டணத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அவர்கள் ஏற்பாடு செய்த பேருந்து போக்குவரத்தில் சிக்கித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும், விமான டிக்கெட் உங்கள் செலவு. மாமனாரின் பயம் வீண் பயம் அல்ல.

போர்ட் கிளாங்கில் அந்தப் பயத்துக்கு முழு இடம் உண்டு. கிளாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு மின்சார ரயில் ஓடுகிறது என்று படித்துவிட்டு நம்பிப் போகாதீர்கள். சொகுசுக் கப்பல்கள் நிற்பது புலாவ் இண்டா என்ற தீவில். ரயில் நிலையம் அங்கிருந்து தள்ளி இருக்கிறது. பத்துமலை முருகனைத் தரிசிக்கச் சாலை வழியே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மாலை நெரிசலில் திரும்பினால் எவ்வளவு ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அங்கே கப்பல்காரர்களின் பேருந்திலேயே போங்கள். குகைக்கு 272 படிகள். மாமியாரை ஏறச் சொல்ல வேண்டாம்; 140 அடி உயர முருகன் சிலை அடிவாரத்தில்தான் நிற்கிறது.

பினாங்குக்குப் பணம் கட்டிச் சுற்றுலா எடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இறங்குகிறீர்கள். வாசலைத் தாண்டியதும் விக்டோரியா ராணி பட்டமேறிய 60-ஆம் ஆண்டு நினைவாக 60 அடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டு. அதை அடுத்து கார்ன்வாலிஸ் கோட்டை. இன்னும் சிறிது தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் வரலாற்றோடு சேர்ந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் கருணைத் தாய் கோயில், 1818-இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் மூன்றும் ஒரே வரிசையில் வரும். 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம் இது. பேருந்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அதில் பாதிகூடத் தெரியாது. பிள்ளைகள் தெருவோரச் சுவரோவியங்களைத் தேடி அலையட்டும், பெரியவர்கள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்காரட்டும். குழுவோடு போனால் இப்படிப் பிரிந்து நிற்க விடமாட்டார்கள்.

மாமியாருக்கு டிரைஷா என்ற மூன்று சக்கர வண்டி கிடைக்கும். ஏறும் முன்பே கூலி பேசிவிடுங்கள். வெயில் தாங்காவிட்டால் கிராப் செயலியில் ஆறு பேர் வண்டி கேளுங்கள். அம்மன் கோயிலில் நம் ஊர் வழக்கம்போல நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் கப்பல் காலையில் சேர்ந்தால் முதலில் அங்கே போங்கள். பினாங்கு மலை ரயிலுக்கு விடுமுறை நாட்களில் வரிசை நீளும். கப்பல் இரவு வரை நின்றால் மட்டும் அதை எண்ணிப் பாருங்கள்.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் படோங் கடற்கரைக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்புகின்றன. கப்பல்காரர்களின் சுற்றுலாவில் சேர்ந்தவர்களுக்குத்தான் முதல் படகுகள். மற்றவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். மே மாதம் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் காலம், படோங்கோ மேற்குக் கடலைப் பார்த்த கரை. ஆடும் படகில் காலெடுத்து வைப்பது மாமியாருக்குச் சிரமம். அன்று அவரும் மாமனாரும் கப்பலிலேயே இருந்தால் நல்லது. கூட்டம் இறங்கிவிட்ட கப்பல் ஓய்வுக்கு ஏற்ற இடம். நீங்கள் நால்வரும் பாங்ஙா வளைகுடாவில் 1974-இன் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வந்த பாறைத் தீவைப் பார்க்க ஆசைப்பட்டால், சாலையும் படகுமாக நீளும் பயணம் என்பதால் கப்பல்காரர்களோடு போங்கள். பழைய புக்கெட் நகரத்து வீடுகளும் கடற்கரையும் போதும் என்றால் வேன் பேசிக்கொள்ளலாம். கடல் கொந்தளித்துக் கப்பல் அங்கே நிற்காமலே போகவும் கூடும். வெளியாளிடம் முன்பணம் கட்டுவதானால், அப்படி நேர்ந்தால் திருப்பித் தருவாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல்காரர்கள் தாமாகவே திருப்பித் தந்துவிடுவார்கள்.

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். பல கப்பல்கள் தங்கள் கடிகாரத்தை மாற்றுவதில்லை. உங்கள் கைபேசி கரையில் தானாக மாறிக்கொள்ளும். கைபேசியில் நான்கு என்று நிதானமாக நடந்து வரும்போது கப்பலில் ஐந்தாகியிருக்கும். கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கட்டிக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள். எல்லோரும் திரும்பியிருக்க வேண்டிய நேரம் கிளம்பும் நேரத்துக்கு முன்பே வரும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் வந்து சேருங்கள்.

சிங்கப்பூருக்கு இரண்டு முறை நுழைவதால் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் வாரத்தில் மறுபடி பாருங்கள். இறங்கும்போது பாஸ்போர்ட் நகலும் மாமியாரின் மாத்திரைகளும் கைப்பையில் இருக்கட்டும். கப்பலில் தினமும் அறைக்கு வரும் அல்லது செயலியில் வெளியாகும் நிகழ்ச்சி நிரலில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். கணவர் கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொள்ளட்டும், மாமனார் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.