இரு திறவுகோல்களும் ஒரு கையொப்பமும்

மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர் கோயிலுக்கு உரிய செப்பேடு ஒன்று உண்டு. கி.பி. 1000-ஐ ஒட்டியது என்பர். சேர மன்னன் பாஸ்கர ரவி, யூதர் தலைவன் இசுப்பு இரப்பானுக்கு 72 உரிமைகள் அளித்ததை வட்டெழுத்தில் அது கூறும். வேணாடு முதலிய நாடுகளை ஆண்டோர் அதற்குச் சான்றாளர். அப்பெயர்களே அதற்குப் பலம். ஆயினும் பெயரை எவரும் பொறிக்கலாம். வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் பெயர் அப்படியே நிற்கும் அன்றோ?

வாசகத்தின் ஒவ்வோர் எழுத்தோடும் பிணைந்த கையொப்பம் வேண்டும். அதுவே இன்று வணிகர்கள் வரிக் கணக்குகளில் இடும் மின்னணுக் கையொப்பம். கையெழுத்தைப் படம் பிடித்து ஒட்டுவது அதுவாகாது.

1976-இல் டிஃபியும் ஹெல்மனும் இக்கருத்தை வெளியிட்டனர். மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் வழி கண்டனர். ஒருவருக்கு இரு திறவுகோல்கள்: ஒன்று ஊரறிந்தது, மற்றது அவர் மட்டுமே அறிந்தது. சிறு கணக்கால் விளக்குகிறேன். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிளகு வணிகர் ஒருவரின் பொதுத் திறவுகோல் 33, 3 என்னும் எண்கள். அவருடைய இரகசிய எண் 7. அவர் எழுதிய பட்டியலை, 'ஹாஷ்' என்னும் முறை ஒரு சுருக்க எண்ணாக்குகிறது. அது 4 என்று கொள்வோம். 4-இன் ஏழாம் அடுக்கு 16384. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16-தான் கையொப்பம். பட்டியலைப் பெற்றவர் 16-இன் மூன்றாம் அடுக்கான 4096-ஐ 33-ஆல் வகுக்கிறார், மீதி 4. அவரே பட்டியலைச் சுருக்கிப் பார்த்தாலும் 4 வந்தால் கையொப்பம் மெய். இடையில் எவரேனும் பத்து மூட்டையை நூறாக்கியிருந்தால் சுருக்க எண் மாறிக் குட்டு வெளிப்படும்.

33 என்பது 3-ஐ 11-ஆல் பெருக்கியது என்று கண்டவர், 7-ஐயும் கண்டுவிடுவார். ஆகவே மெய்யான திறவுகோலில் 33-க்குப் பதில் 617 இலக்க எண் நிற்கும். அதைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க இன்றைய கம்ப்யூட்டர்களால் ஆகவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: இக்கையொப்பம் பட்டியலை மறைப்பதில்லை; எவரும் படிக்கலாம்.

பொதுத் திறவுகோல் அவ்வணிகருடையதுதான் என்று எப்படி அறிவது? செப்பேட்டின் சான்றாளர் போல, அரசின் உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதற்குச் சான்றிதழ் தருகின்றன. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்கு வழி செய்தது.

நான் கண்டு வருந்தும் வழக்கம் ஒன்றுண்டு. இரகசியத் திறவுகோல் உறையும் டோக்கனையும் அதன் கடவுச்சொல்லையும் கணக்கரிடமே விட்டுவைப்பார் பலர். அவர் எதில் ஒப்பமிட்டாலும் கணக்கு சரியாகவே வரும். இட்டது யார் கை என்று கணிதம் அறியாது. சட்டத்தின் 42-ஆம் பிரிவு, திறவுகோலைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவரின் கடமை என்கிறது. அது பிறர் கைக்குப் போனால் சான்றளித்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் வரை பொறுப்பு அவரையே சாரும்.