வியாதியின் பெயரும் வேதத்தின் சொல்லும்
வேத வாசிப்புக்கு எந்தப் புத்தகங்கள் உதவும்?

வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: நெகேமியா 8:1–12, லேவியராகமம் 13, மத்தேயு 17:14–18, மாற்கு 1:40–45, 5:25–34

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களே,

வாலிகண்டபுரத்தில் நடைபெறும் மருத்துவ ஊழியத்தை உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கி வருகிறீர்கள். உங்களில் சிலர், "வேதத்தை ஆழமாய்ப் படிக்க எந்தப் புத்தகங்களை வாங்கலாம்? ஆஸ்பத்திரியின் வாசிப்பு அலமாரிக்கு எதை அனுப்பலாம்?" என்று கேட்கிறீர்கள். இந்தப் பாடத்தில் அதற்குப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

எஸ்றா தண்ணீர் வாசலுக்கு முன்பாக நியாயப்பிரமாணத்தை வாசித்தபோது, லேவியர் அதன் பொருளையும் ஜனங்களுக்கு விளங்கப்பண்ணினார்கள். சொல்லப்பட்டதை விளங்கிக்கொண்டதினால்தான் ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள் என்று நெகேமியா 8:12 காட்டுகிறது. வாசிப்பும் விளக்கமும் சேர்ந்தே போகவேண்டும். உதவிநூல்கள் செய்யும் வேலை அந்த லேவியரின் வேலைதான்.

மருத்துவ ஊழியத்தில் இருக்கிற நமக்கு இது படிப்பு சம்பந்தப்பட்ட காரியம் மாத்திரமல்ல. நோயாளியின் கட்டிலருகே நின்று ஒரு வசனத்தைத் தவறான பொருளில் சொன்னால், அது அவருக்கு மருந்தாக இராது, இன்னொரு காயமாகிவிடும். ஆகவே வேதத்தில் வருகிற நான்கு வியாதிப் பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தப் புத்தகத்தைத் தேடச் சொல்கிறது என்று பார்ப்போம்.

1. பெரும்பாடு: இரண்டாவது மொழிபெயர்ப்பு

நம் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் ஐயர் தலைமையில் ஒரு குழுவினர் உழைத்து 1871-ல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. அதில் மாற்கு 5:25-ல் வருகிற ஸ்திரீ பன்னிரண்டு வருஷம் "பெரும்பாடு" உள்ளவள். இன்றைய வாலிபர் ஒருவர் இதை வாசித்தால், "பாவம், பன்னிரண்டு வருஷம் பெரிய பாடு பட்டிருக்கிறாள்" என்று எண்ணிக் கடந்து போவார். ஆனால் அந்தக் காலத்துத் தமிழில் பெரும்பாடு என்பது பெண்களுக்கு உண்டாகும் அதிகப்படியான உதிரப்போக்கின் பெயர்.

கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995-ல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்தால், "இரத்தப்போக்கு" என்ற சொல் உடனே விஷயத்தை விளக்கிவிடும். பிறகு லேவியராகமம் 15:25–27-ஐ வாசியுங்கள். அப்படிப்பட்ட ஸ்திரீ தீட்டுள்ளவளாக எண்ணப்பட்டாள். அவள் இருந்த படுக்கையையும் ஆசனத்தையும் தொட்டவர்களும் தீட்டுப்பட்டார்கள். அவள் ஏன் கூட்டத்தில் ஒளிந்து வந்தாள், ஏன் நடுங்கினாள், ஆண்டவர் ஏன் அவளை எல்லாருக்கும் முன்பாக "மகளே" என்று அழைத்தார் என்பதெல்லாம் அப்போது தெளிவாகும். வெட்கத்தினால் இந்த வியாதியை வீட்டாரிடமும் சொல்லாமல் மறைத்து, இரத்தம் குறைந்து சோர்ந்துபோகிற சகோதரிகள் இன்றும் உண்டு. இந்தப் பகுதியின் பொருள் தெரிந்த பெண் ஊழியர் ஒருவர் அவர்களோடு பேசுகிற விதமே வேறாயிருக்கும்.

ஆகையால் முதலில் வாங்கவேண்டியது இரண்டாவது மொழிபெயர்ப்பு. திருவிவிலியத்தில் "இராஜாக்கள்" "அரசர்கள்" ஆகவும், "நாகமான்" "நாமான்" ஆகவும் இருக்கும். இணைத்திருமுறை நூல்கள் சேர்ந்த பதிப்பும் உண்டு. இதனால் தடுமாறவேண்டாம். ஆராதனையில் பழைய மொழிபெயர்ப்பையே வாசிக்கிறவர்களும் வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்கப் புதியதை வைத்துக்கொள்ளலாம்.

2. சந்திரரோகம்: ஒத்தவாக்கிய அகராதி

மத்தேயு 17:15-ல் ஒரு தகப்பன் தன் மகன் சந்திரரோகி என்று சொல்லி முழங்கால்படியிடுகிறான். அந்தப் பையன் அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். கிரேக்கச் சொல்லும் சந்திரனோடு சம்பந்தப்பட்டதே. சந்திரனின் வளர்ச்சி தேய்வுக்கு ஏற்ப இந்நோய் வருகிறதென்று அக்காலத்தார் எண்ணினார்கள். அடையாளங்களைப் பார்த்தால் அது நாம் வலிப்பு என்று சொல்லுகிற நோய். அந்தப் பகுதியில் ஆண்டவர் பிசாசை அதட்டுகிறார். இதை மாத்திரம் வாசிக்கிறவர், வலிப்பு வருகிற எல்லாருக்கும் பிசாசு பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டிவிடக்கூடும்.

இங்கே உதவுவது கன்கார்டன்ஸ் என்று நாம் சொல்லுகிற ஒத்தவாக்கிய அகராதி. ஒரு சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று அது அகரவரிசையில் காட்டும். அலெக்சாண்டர் குருடன் 1737-ல் இங்கிலாந்தில் வெளியிட்ட கன்கார்டன்ஸ் இவ்வகை நூல்களில் பேர்பெற்றது. தமிழிலும் இத்தகைய நூல்கள் உண்டு. சந்திரரோகி என்ற சொல்லைத் தேடினால் அது மத்தேயு 4:24-க்கும் நம்மைக் கொண்டுபோகும். அந்த வசனம் பிசாசு பிடித்தவர்களை ஒரு கூட்டமாகவும், சந்திரரோகிகளை வேறொரு கூட்டமாகவும் சொல்கிறது. வேதமே இரண்டையும் பிரித்துக் காட்டும்போது, நாம் ஒன்றாக்கலாகாது. வலிப்பு நோயாளியின் மாத்திரையை வீட்டார் நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த ஆபத்தை விலக்க ஒரு ஒத்தவசனம் போதுமாயிருக்கிறது.

வாங்கும்போது ஒரு காரியத்தைக் கவனியுங்கள். ஒத்தவாக்கிய அகராதி எந்த மொழிபெயர்ப்பின் சொற்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டதோ, அந்த மொழிபெயர்ப்போடுதான் பயன்படும். பழைய மொழிபெயர்ப்புக்கு ஆயத்தம்பண்ணினதில் "தொழுநோய்" என்று தேடினால் கிடைக்காது. "குஷ்டரோகம்" என்று தேடவேண்டும்.

3. நீர்க்கோவை: தமிழ் அகராதி

லூக்கா 14:2-ல் ஓய்வுநாளில் சுகமான மனுஷனுக்கு நீர்க்கோவை வியாதி. நம் ஊர்ப் பக்கத்தில் நீர்க்கோவை என்றால் தலையில் நீர் கோத்து, தலைபாரமும் சளியுமாக இருப்பது. கடையில் நீர்க்கோவை மாத்திரை என்றே விற்கிறது. அப்படியானால் ஒரு ஜலதோஷத்துக்காகவா பரிசேயர் அவ்வளவு உற்றுப் பார்த்தார்கள்? அங்கே சொல்லப்பட்டது உடம்பில் நீர் கட்டி வீங்குகிற நோய். இருதயமோ, ஈரலோ, சிறுநீரகமோ கெட்டுப்போகும்போது இந்த வீக்கம் உண்டாகும்.

இங்கே வேண்டியது நல்ல தமிழ் அகராதி. தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர் புதிய ஏற்பாட்டை 1714–15-ல் அச்சிடும் முன்பே, தமிழ் ஏடுகளை வாசித்துச் சொற்களைத் தொகுத்தார். அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸ் ஐயர் சென்னை வேப்பேரியிலிருந்து வேதத்தை மொழிபெயர்த்ததோடு, 1779-ல் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றையும் வெளியிட்டார். 1871-ன் மொழிபெயர்ப்பு அவருடைய மொழிபெயர்ப்பை அஸ்திபாரமாகக் கொண்டது. ஆகையால் அவருடைய அகராதி நம் வேதாகமத் தமிழுக்கு நெருங்கிய உறவு. அதைத் திருத்தி விரிவாக்கிய பதிப்பு 1972-ல் தரங்கம்பாடி லுத்தரன் பதிப்பகத்தின் வழியாய் வந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் பழைய சொற்களுக்கு உதவும். இவ்விரண்டையும் இன்று கணினியிலும் கைபேசியிலும் இலவசமாய்ப் பார்க்கலாம். எனவே இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதேயில்லை.

4. குஷ்டரோகம்: வேதாகம அகராதியும் விளக்கவுரையும்

நான்காவது சொல்தான் அதிகத் துன்பத்தை உண்டாக்கினது. இதற்கு இரண்டாவது மொழிபெயர்ப்பு போதாது. "குஷ்டரோகி" என்பதற்குப் பதிலாகத் "தொழுநோயாளர்" என்று போட்டால் மரியாதை கூடுகிறது. ஆனால், "லேவியராகமம் சொல்லுகிறது இன்றைய தொழுநோயைத்தானா?" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

லேவியராகமம் 13-ஐப் பொறுமையாய் வாசியுங்கள். ரோமம் வெளுத்திருக்கிறதா, தோலைவிடப் பள்ளமாயிருக்கிறதா என்று ஆசாரியன் பார்க்கிறான். ஏழுநாள் அடைத்துவைத்து மறுபடியும் பார்க்கிறான். உடம்பு முழுவதும் வெளுத்துப்போனவனை 13-ஆம் வசனத்தில் சுத்தமுள்ளவன் என்கிறான். 47-ஆம் வசனத்திலிருந்து வஸ்திரத்திலும் தோலிலும், 14-ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரிலுங்கூட இது காணப்படுகிறது! சுவருக்குத் தொழுநோய் வருமா? அது பூஞ்சணமாயிருக்கவேண்டும். தொழுநோயின் முக்கிய அடையாளமாகிய உணர்ச்சியற்ற தேமலைப்பற்றியோ அந்த அதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. "சாராஅத்" என்கிற எபிரெயச் சொல் பலவகைத் தோல் நோய்களுக்கும் கறைகளுக்கும் பொதுப்பெயர் என்பதை நல்ல வேதாகம அகராதி சொல்லிவிடும்.

இன்று நாம் அறிந்த தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. 1873-ல் நார்வே தேசத்து டாக்டர் ஹான்சன் அதைக் கண்டார். விரல்கள் மழுங்குவது சாபத்தினாலல்ல, உணர்ச்சியற்ற கையிலும் காலிலும் தெரியாமல் படும் காயங்களினால் என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டி, மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து சாப்பிட்டால் குணமாகும். 2005 முடிவில் இந்தியாவில் பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவானவர்களே சிகிச்சையில் இருந்தார்கள். ஆனாலும் புதிய நோயாளிகள் இன்னும் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். தேமலை மறைப்பதற்கு முதல் காரணம் வெட்கம். அந்த வெட்கத்துக்குச் சபையில் பேசப்பட்ட பிரசங்கங்களும் துணையாகியிருந்தால், நாம் கர்த்தருக்கு முன்பாகக் கணக்கு ஒப்புவிக்க வேண்டாமா? மாற்கு 1:41-ல் ஆண்டவர் மனதுருகி, கையை நீட்டித் தொட்டதை மறவாதிருப்போம்.

விளக்கவுரையை வாங்குமுன் சோதித்துப் பாருங்கள்

விளக்கவுரைகள் விலையுயர்ந்தவை, பல தொகுதிகளாயும் வரும். அட்டையைப் பார்த்து வாங்காமல், திருச்சிக்கோ சென்னைக்கோ போகும்போது கடையில் நின்று மூன்று இடங்களைத் திறந்து பாருங்கள்.

முதலாவது, லேவியராகமம் 13. ஆசிரியர் எபிரெயச் சொல்லின் பொருளை விசாரித்திருக்கிறாரா, அல்லது உடனே பாவத்துக்கு அடையாளமாக்கிப் போய்விடுகிறாரா?

இரண்டாவது, யோவான் 9:1–3. யார் செய்த பாவம் என்ற சீஷர்களின் கேள்வியை ஆண்டவர் ஒதுக்கினார் என்பதைத் தெளிவாய்ச் சொல்கிறாரா? யோவான் 5:14-ல் ஆண்டவர் வேறுவிதமாய் எச்சரித்ததையும் மறைக்காமல் எடுத்துப் பேசுகிறாரா? இரண்டையும் நேர்மையாய் வைக்கிறவரே நம்பத்தக்கவர்.

மூன்றாவது, யாக்கோபு 5:14–16. அங்கே பாவம் செய்திருந்தால் என்றுதான் சொல்லியிருக்கிறது. எல்லா வியாதியும் பாவத்தினால் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை ஆசிரியர் கண்டிருக்கிறாரா?

இம்மூன்றிலும் தேறாத நூல் எத்தனை தொகுதியானாலும் வீட்டுக்கு வேண்டாம். தேறினதை ஒவ்வொரு தொகுதியாய் வாங்கி, படித்து முடித்தபின் அடுத்ததை வாங்கலாம். வசனத்தை நீங்களே இரண்டு மூன்று தரம் வாசித்து ஜெபித்தபின் கடைசியாகத் திறக்கவேண்டியது விளக்கவுரை. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களே (அப்போஸ்தலர் 17:11)!

சுருக்கமாய், வாங்கும் வரிசை இது: முதலில் இரண்டாவது மொழிபெயர்ப்பு, அடுத்து ஒத்தவாக்கிய அகராதி, பிறகு ஒரே தொகுதியான வேதாகம அகராதி, கடைசியாய் விளக்கவுரை. தேசப்படங்கள் பல வேதாகமங்களின் பின்பக்கத்திலேயே உண்டு. வாசிப்பு அலமாரிக்கு அனுப்ப விரும்புகிறவர்களும் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்பார்வை குறைந்த முதியோருக்குப் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று, பத்துத் தொகுதி விளக்கவுரையைவிட அதிகமாய்ப் பயன்படும்.

சிந்திக்கவும் கலந்து பேசவும்

1. மத்தேயு 4:24-ல் எத்தனை வகை நோயாளிகள் சொல்லப்படுகிறார்கள்? இரண்டு மொழிபெயர்ப்புகளில் ஒப்பிடுங்கள்.
2. நாகமான் தன் வியாதியோடே சேனாபதியாயிருந்தான் (2 இராஜாக்கள் 5). யூதாவில் உசியா ராஜாவோ தனித்து ஒரு வீட்டில் வாசம்பண்ணினான் (2 நாளாகமம் 26:21). இந்த வித்தியாசம் எதைக் காட்டுகிறது?
3. நம் சபையில் வியாதியஸ்தரைச் சந்திக்கப் போகும்போது வழக்கமாய் எந்த வசனத்தை வாசிக்கிறோம்? அதன் பொருளை விசாரித்திருக்கிறோமா?

ஜெபிப்போம்

கர்த்தாவே, உமது வசனத்தை வாசிக்கக் கண்களையும், விளங்கிக்கொள்ள இருதயத்தையும் தாரும். நாங்கள் சொல்லும் எந்த வார்த்தையும் வியாதிப்படுக்கையில் இருப்பவரை நோகப்பண்ணாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். மறைத்துவைத்த நோயோடு பயந்திருக்கிறவர்களைச் சுகம் கிடைக்கும் இடத்துக்கு நடத்தும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
வாலிகண்டபுரம் ஊழியக் குழுவினர்