தெரிந்த கதைக்கு ஒரு பாடப்புத்தகமா?

கேள்வி: நான் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. விருப்பப் பாடமாக உளவியல் அறிமுகம் எடுத்திருக்கிறேன். பாதிப் புத்தகம் முடிந்துவிட்டது. பாட்டிக்குத் தெரிந்த சங்கதிக்கெல்லாம் வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. போதாக்குறைக்கு, பல பரிசோதனைகளைத் திரும்பச் செய்தால் பழைய முடிவு வருவதில்லை என்றும் படித்தேன். வேறு துறையில் இருப்பவருக்கு இந்தப் பாடத்தால் என்ன லாபம்?

பதில்: இரண்டு புகார்களையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். 'எல்லாம் தெரிந்த கதை' என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களுக்குச் சிறிய அறிவியல் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றியது, மற்றொன்று கடல் நீர்நாயைப் பற்றியது. ஒரு குழு ஐந்தைந்து நிமிடமாக நான்கு சுற்று உட்கார்ந்து கட்டுரையைப் படித்துக்கொண்டே இருந்தது. சராசரியாக ஆளுக்கு 14 தடவை படித்திருந்தார்கள். இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்தது. மூன்று, நான்கு தடவைக்கு மேல் ஓடியிருக்காது. மீதி மூன்று சுற்றிலும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் நின்றதைத் தாளில் எழுதியது. எழுதியது சரியா தவறா என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்த குழுதான் அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தவர்களிடம் அந்த நம்பிக்கை பலித்தது: படித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் கணக்கு தலைகீழாகிவிட்டது: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61.

'அடிக்கடி சொல்லிப் பார்த்தால் மனதில் நிற்கும் என்று பாட்டியே சொல்வாளே' என்பீர்கள். சொல்வாள்தான். 'திரும்பத் திரும்பப் படி' என்பதும் அதே பாட்டியின் அறிவுரைதான். இரண்டில் எது, எப்போது பலிக்கும் என்ற இடத்தில்தான் வீட்டு அனுபவம் கைவிரிக்கிறது. தேர்வறை வாசலில் நின்றுகொண்டு கடைசி ஐந்து நிமிடம் நோட்ஸைப் புரட்டுகிறவருக்கு முதல் அறிவுரையைவிட இரண்டாவதுதான் கைகொடுக்கும். அடுத்த வாரமும் வேண்டும் என்பவருக்கு முதலாவது. இந்தப் பாகுபாட்டை அளந்து பார்க்காமல் கண்டுபிடிக்க வழியில்லை. ஏனென்றால், இதில் நம்மை ஏமாற்றுவதே நம் உள்ளுணர்வுதான். ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் வரிகள் முன்னைவிட எளிதாக ஓடுகின்றன. அந்தச் சரளத்தை, பாடம் மனதில் ஏறிவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். எழுதிப் பார்ப்பவருக்கோ பாதியில் பேனா நின்றுவிடுகிறது. தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எரிச்சல் வருகிறது. நன்றாகக் கற்றுக்கொண்டிருப்பவர் அவர்தான். முடிவைக் கேட்ட பிறகு இதெல்லாம் வெளிப்படையாகத் தெரிவதும் ஆய்வுக்கு உட்பட்ட விஷயமே: ஒரு நிகழ்வின் முடிவு தெரிந்தவுடன், அது முன்பே ஊகிக்கக் கூடியதாகத்தான் இருந்தது என்று மனிதர்கள் நினைத்துக்கொள்வதை ஃபிஷ்ஹாஃப் 1975இல் காட்டினார். 'இது எனக்கு முன்பே தெரியும்' என்று உங்களுக்குத் தோன்றுவதை ஆதாரமாக ஏற்க முடியாததற்கு அதுவே காரணம்.

இது வெறும் மனப்பாடத்துக்குப் பாடும் பாட்டு என்ற ஆட்சேபம் நியாயமானது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முன் நின்று ஒப்பித்தவர்களும் நினைவிலிருந்துதான் சொன்னார்கள். ஆனால் அங்கே சொல் பிசகக் கூடாது. மேற்சொன்ன ஆய்விலோ வார்த்தைகளுக்கு மதிப்பெண் கிடையாது, கருத்துகளுக்குத்தான். புரிதலுக்கும் இது உதவுமா என்பதை கார்பிக்கியும் பிளன்ட்டும் 2011இல் தனியாகச் சோதித்தார்கள். புத்தகத்தைத் திறந்துவைத்து, கருத்துகளைக் கோடு போட்டு இணைத்து வரைபடம் தயாரித்தவர்களைவிட, மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள் பாடத்தில் நேரடியாக இல்லாத, யோசித்து விடையளிக்க வேண்டிய கேள்விகளிலும் முந்தினார்கள். அங்கேயும் மாணவர்களின் முன்கணிப்பு தவறாகத்தான் போனது.

இரண்டாவது புகார் கனமானது. அதை மழுப்பப் போவதில்லை. உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கூட்டாக மீண்டும் செய்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் கணக்கில் தேறியவை. மறுசோதனையில் தேறியவை 36 சதவீதம். சாக்லேட்டைத் தொடாமல் முள்ளங்கி தின்றவர்கள் அதன்பின் கடினமான புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள், ஆகவே மனக்கட்டுப்பாடு செலவாகித் தீரும் சரக்கு என்று 1998இல் வந்த ஆய்வு உலகப் புகழ்பெற்றது. 2016இல் 23 ஆய்வகங்கள், 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து அந்தக் கருத்தைச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம். 'தவறைக் கண்டுபிடித்ததும் உளவியலாளர்கள்தானே' என்று சமாதானம் சொல்லலாம்; 18 ஆண்டுகள் ஆனதற்கு அது சமாதானம் ஆகாது. ஆனாலும் இதிலிருந்து 'எல்லாமே பொய்' என்று முடிவு கட்டுவது, சில கம்பெனிகளின் ஐந்தொகை பொய் என்பதற்காகக் கணக்குப்பதிவியலையே தள்ளிவைப்பதற்குச் சமம். எபிங்ஹாஸ் தன்னை மட்டுமே பரிசோதனைப் பொருளாக வைத்து, பொருளற்ற அசைகளைப் பல்லாயிரம் முறை மனனம் செய்து மறந்து, 1885இல் மறதியின் வளைகோட்டை வெளியிட்டார். ஒரே ஒரு ஆள்! 130 ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாமில் அதை மறுபடி செய்தபோது கிட்டத்தட்ட அதே கோடு வந்தது. விளைவு பெரிதாக இருந்ததும், திரும்பத் திரும்ப அளந்ததும் அதைக் காப்பாற்றின. கவர்ச்சியான கதையும் கொஞ்சம் ஆட்களும் சேர்ந்து வரும் ஆய்வுகளிடம்தான் எச்சரிக்கை வேண்டும். அதிலும் சமூக நடத்தை பற்றியதாகவும், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை மட்டும் வைத்துச் செய்ததாகவும் இருந்தால் இரட்டை எச்சரிக்கை.

உங்கள் துறைக்கு இதில் என்ன வேலை? பார்பர், ஓடீன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரு அமெரிக்கத் தரகு நிறுவனத்தில் 1991 முதல் 1996 வரை பங்குக் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் பதிவேடுகள். ஆய்வகமும் இல்லை, கேள்வித்தாளும் இல்லை. மிக அதிகமாக வாங்கி விற்றவர்களின் ஆண்டு லாபம் 11.4 சதவீதம். அதே காலத்தில் சந்தை தந்தது 17.9 சதவீதம். தரகுக் கூலியும் பிற செலவுகளும் லாபத்தைத் தின்றன. அவ்வளவு செலவு செய்து அவர்களை விற்கவும் வாங்கவும் வைத்தது, தனக்குச் சந்தை தெரியும் என்ற மிகை நம்பிக்கை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நீர்நாய்க் கட்டுரையை 14 தடவை படித்தவரின் நம்பிக்கைக்கு இது தூரத்துச் சொந்தம் என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே மீதிப் பாதியை இப்படிப் படியுங்கள். ஒவ்வொரு பரிசோதனையிலும் எத்தனை பேர், என்ன செய்யச் சொன்னார்கள் என்பது வரை படித்துவிட்டு, முடிவைக் கையால் மறைத்துக்கொண்டு, உங்கள் ஊகத்தை ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். செமஸ்டர் முடிவில் கூட்டிப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது சரியாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். பாடம் வீண் என்ற உங்கள் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.