கோடு வரைந்த பிறகே பறக்கலாம்

வாழ்க்கைக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "டீச்சர், கூட்டணுமா, பெருக்கணுமா?" ஐந்தாம் வகுப்பில் வந்தால் புன்னகையோடு விட்டுவிடலாம். எட்டாம் வகுப்பிலும் வருகிறது. கூட்டவும் பெருக்கவும் தெரிந்த பிள்ளைகள்தான் கேட்கிறார்கள். செய்யத் தொடங்கும் முன் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறதே, அதைத் தாண்டிக் குதித்துவிடும் அவசரம் அது.

கணக்கைப் புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்ற நான்கு படிகளை ஜார்ஜ் போல்யா என்ற கணித அறிஞர் 1945-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். பயிற்சி வகுப்புகளில் நாம் எல்லோரும் கேட்டதுதான். சிக்கல் இரண்டாம் படியில் இருக்கிறது. மாணவர் செய்தது தாளில் இருக்கும், திட்டமிட்டது இருக்காது. இல்லாத ஒன்றை நாம் எப்படிப் பார்ப்பது, எப்படித் திருத்துவது?

இதற்கு ஒரு வழி எனக்கு வீடியோ கேம் ஒன்றில் கிடைத்தது. சிரிக்க வேண்டாம், படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அக்கா மகன் விட்டுச்சென்ற கருவி அது. நின்டெண்டோ டிஎஸ் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும்; புத்தகம்போல் திறந்தால் மேலும் கீழும் இரண்டு திரைகள். கீழ்த்திரை தொடுதிரை, அதில் எழுத ஒரு சிறு குச்சி உண்டு. உள்ளே இருந்த விளையாட்டு 'ஸ்டார் ஃபாக்ஸ் கமாண்ட்'. ஜப்பானின் கியோட்டோ நகரில் உள்ள கியூ-கேம்ஸ் நிறுவனமும் நின்டெண்டோவும் சேர்ந்து உருவாக்கி 2006-இல் வெளியிட்டது. நரி, வல்லூறு, தவளை, முயல் என விலங்குகளே விண்கலங்களை ஓட்டுகின்றன. பஞ்சதந்திரம் படித்த நமக்கு அதில் வியப்பொன்றும் இல்லை.

விண்வெளிச் சண்டை விளையாட்டு என்றால் எடுத்த எடுப்பில் சுடத் தொடங்குவதுதான் வழக்கம். இதில் அப்படி முடியாது. முதலில் ஒரு வரைபடம் வரும். அதில் நம் தாய்க்கப்பல், நம் சிறு கலங்கள், நெருங்கி வரும் எதிரிகள். ஒவ்வொரு கலமும் போக வேண்டிய வழியைக் குச்சியால் கோடாக வரைய வேண்டும். கோட்டின் நீளத்துக்கு வரம்பு உண்டு. கலத்துக்குக் கலம் அது மாறும். எத்தனை சுற்றுகளில் முடிக்க வேண்டும் என்பதற்கும் வரம்பு உண்டு. வரைந்து முடித்துச் சரி என்று அழுத்தியதும் நம் கலங்கள் நகரும், எதிரிகளும் நகர்வார்கள். இருவரும் சந்திக்கும் இடத்தில்தான் சண்டை தொடங்கும். எதிரி ஒருவர் தாய்க்கப்பலை எட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

சண்டைப் பகுதியை அவ்வளவாக நான் ரசிக்கவில்லை. குச்சியைத் தேய்த்துக் கலத்தைத் திருப்பிக்கொண்டே, குறித்த நேரத்துக்குள் சுட்டு வீழ்த்த வேண்டும். விரல் பழகிவிட்டால் வந்துவிடும். வரைபடத்தின் முன்னால்தான் நான் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று உட்கார்ந்திருந்தேன். எதிரி இப்போது இருக்கும் இடத்துக்குக் கோடு போட்டுப் பயனில்லை. அடுத்த சுற்றில் இருக்கப்போகும் இடத்துக்குப் போட வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது: நான் யோசித்தது முழுவதும் கோடாகத் திரையில் கிடக்கிறது!

கருவியை வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கருவி எதற்காகும்? கதையிலும் சண்டை தேவைக்கு மேல் இருக்கிறது. ஏ4 தாளில் 1 செ.மீ. கட்டங்களாக 20-க்கு 20 வரைந்து படியெடுத்தேன். எதிரிகளை விண்கற்களாக்கினேன், தாய்க்கப்பலை விண்வெளி நிலையமாக்கினேன். கோட்டின் நீளத்துக்குத் தையல் நூல்.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு தாள். நிலையம் (10, 10) என்ற புள்ளியில். விண்கற்கள் மூன்று: (10, 16), (2, 10), (18, 16). ஒவ்வொரு கல்லும் சுற்றுக்கு 2 செ.மீ. நேராக நிலையத்தை நோக்கி நகரும். நிலையத்தில் இரண்டு கலங்கள். ஒன்றுக்கு 9 செ.மீ. நூல், மற்றதற்கு 4 செ.மீ. நூல். அதுவே ஒரு சுற்றில் அது போகக்கூடிய தொலைவு. நூலை வளைக்கலாம், மடக்கித் திருப்பலாம். இழுத்து நீட்டக் கூடாது. முதலில் குழு பென்சிலால் கோடு வரைய வேண்டும். பிறகு கற்களை ஸ்கேலால் அளந்து நகர்த்த வேண்டும். கல்லின் புதிய இடத்தைக் கலத்தின் கோடு தொட்டால் அந்தக் கல் நீங்கிவிடும். இரண்டே சுற்றுகளில் மூன்றும் நீங்க வேண்டும். கோடு போட்ட பின் அழிப்பான் கிடையாது.

தொடங்கும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: மூன்றாவது கல் நிலையத்திலிருந்து எவ்வளவு தொலைவு, ஸ்கேல் இல்லாமல் சொல்ல முடியுமா? கிடையாக 8, செங்குத்தாக 6. பிதாகரஸ் தேற்றத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. 10 என்று நான்கைந்து குரல்கள் வந்தன.

பெரும்பாலான குழுக்கள் ஒரே மாதிரிதான் தொடங்கின. பக்கத்தில் இருக்கும் கல்லுக்குச் சிறிய கலம், தூரத்தில் இருக்கும் கல்லுக்குப் பெரிய கலம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. முதல் சுற்றிலேயே இரண்டு கற்கள் போய்விட்டன. வகுப்பில் ஒரே ஆரவாரம். இரண்டாம் சுற்றில் இடப்பக்கக் கல் (6, 10)-க்கு வந்து நின்றது. சிறிய கலம் (10, 14)-இல், ஐந்தரை செ.மீ.க்கு மேல் வேண்டும், கையில் இருப்பது 4. பெரிய கலமோ எதிர்ப்புறம் வெகு தொலைவில். ஆரவாரம் அடங்கிவிட்டது. முதல் சுற்று நன்றாகப் போனதே, எங்கே தவறியது என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவறிய இடம் தாளில் இருந்தது. கோடு அழியவில்லை அல்லவா!

புதுத் தாள் கொடுத்தேன். ஒரு குழு பெரிய கலத்தை இடப்பக்கக் கல்லுக்கு அனுப்பியது. அதற்கு 6 செ.மீ. போதும். மீதி 3 செ.மீ. நூலை என்ன செய்வது என்று அவர்களுக்குள் வாக்குவாதம். கடைசியில் நூலை மடக்கி நிலையத்தின் பக்கமாகத் திருப்பி (7, 10)-இல் நிறுத்தினார்கள். அந்த 3 செ.மீ.தான் அடுத்த சுற்றில் கைகொடுத்தது. தூரத்துக் கல் அப்போது (14.8, 13.6)-இல் இருந்தது, அங்கே போக 8.6 செ.மீ. திரும்பாமல் (4, 10)-இலேயே நின்றிருந்தால் பதினொன்றுக்கு மேல் தேவைப்பட்டிருக்கும்.

இன்னொரு குழுவில் ஒரு மாணவி. தேர்வில் நேரத்துக்குள் முடித்ததே இல்லை. அதனால் மதிப்பெண்ணும் 35-ஐ ஒட்டியே நிற்கும். அவள் சிறிய கலத்தை 4 செ.மீ. நகர்த்தி (6, 10)-இல், எந்தக் கல்லும் இல்லாத வெற்றிடத்தில், நிறுத்தினாள். இரண்டாம் சுற்றில் கோடே போடவில்லை. குழுவினர் அவளைக் கடிந்துகொள்ளத் தொடங்க, அவள் சொன்னாள்: "அது தானா அங்க வருதுல்ல. நான் எதுக்குப் போகணும்?" கல் வந்து சேர்ந்தது. பெரிய கலத்துக்கு மற்ற இரண்டு கற்களையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எடுக்க வசதியாகப் போயிற்று.

இரண்டு ஆண்டுகளாக அவளுடைய விடைத்தாள்களைத் திருத்துகிறேன். பாதியில் நிற்கும் கணக்குகளைத்தான் அவற்றில் பார்த்திருக்கிறேன். இப்படி யோசிப்பவள் என்பதைக் காட்ட அந்தத் தாள்களில் இடமே இல்லை. இப்போது அலகுத் தேர்வுகளில் ஒரு வாழ்க்கைக் கணக்குக்கு மட்டும், விடை வேண்டாம், எப்படிச் செய்வாய் என்று படமாகவோ கோடாகவோ இரண்டு வரியிலோ காட்டினால் போதும் என்று கேட்கிறேன். அதற்கும் மதிப்பெண் உண்டு. அவள் அதை எழுதுகிறாள்.

விளையாட்டில் உள்ளதுபோல், கல்லைத் தொட்டதும் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு கணக்குப் போட்டால்தான் கல் நீங்கும் என்றும் ஒரு வகுப்பில் வைத்துப் பார்த்தேன். வேகமாகப் போடும் நான்கு பேர் கையில் ஆட்டம் போய்விட்டது. மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதை எடுத்துவிட்டேன். உங்கள் வகுப்பில் வேறு மாதிரி அமையலாம்.

"இது ஆடு புலி ஆட்டம் மாதிரிதானே டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். மூன்று புலி, பதினைந்து ஆடு. அதிலும் எதிராளியின் அடுத்த நகர்வை முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே காய் நகர்ந்ததும் யோசித்த தடம் மறைந்துவிடும். இங்கே பென்சில் கோடு தங்கிவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. இத்தகைய விளையாட்டுகளில் விண்வெளியில்கூடக் கலங்கள் விமானம்போல் சாய்ந்து திரும்புகின்றன. வேகம் கூட்டும் விசையை விட்டதும் வேகம் தானாகக் குறைகிறது. காற்றில்லாத இடத்தில் வேகத்தைக் குறைத்தது எது என்று கேட்டுப் பாருங்கள். நியூட்டனின் முதல் விதியை அதிலிருந்தே தொடங்கலாம்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு நூல் வேண்டாம். கலம் சுற்றுக்கு இத்தனை கட்டம் நகரும் என்று எண்ணிக்கையாகச் சொன்னால் போதும். கற்களை நிலையத்துக்கு நேர் மேலேயோ நேர் பக்கவாட்டிலோ மட்டும் வையுங்கள். பத்தாம் வகுப்புக்குக் கற்களின் ஆயத்தொலைவுகளை மட்டும் கொடுத்து, தொலைவுகளைச் சூத்திரத்தால் கண்டறியச் சொல்லலாம். அசல் விளையாட்டில் சில வரைபடங்களை மூடுபனி மறைத்திருக்கும். பழைய செய்தித்தாளைக் கிழித்துத் தாளின் ஒரு மூலையை மூடி, கலத்தின் கோடு அதனுள் நுழைந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். அடியில் கல் இருக்கிறதா, இல்லையா என்பதை அதுவரை யாருக்கும் சொல்ல வேண்டாம்.