வளைவைத் தொட்டாலா, தாண்டினாலா?

தென்காசி,
ஆனி 10

அன்புள்ள செல்விக்கு,

பத்து நாளாகப் பைத்தான் வீடியோ பார்க்கிறாயாம். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, தனியாக உட்கார்ந்தால் நாலு வரி எழுத வரவில்லை, காமர்ஸ் குரூப் படித்தவளுக்கு இது சரிப்படாது என்று அழுதாயாம். உன் அப்பா போனில் சொன்னான். அம்மாடி, உனக்குப் புத்தி குறைவில்லை. அடுத்தவர் போட்ட கணக்கைப் பார்த்திருக்கிறாய், நீயாக இன்னும் ஒரு கணக்கும் போடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் குற்றாலம் போனேன். நல்ல சாரல். மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டியதால் குளிக்க விடவில்லை. அங்கே நிற்கிற போலீஸ்காரரின் வேலையை நீ புரோகிராமாக எழுதிப் பார். தண்ணீர் வளைவைத் தாண்டினால் தடை, இல்லையென்றால் அனுமதி. இஃப், எல்ஸ், அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் வளைவைத் தொட்டபடி நின்றால்? 'பெரியது' என்ற குறி போட்டிருந்தால் ஆட்களை உள்ளே விட்டுவிடும். 'பெரியது அல்லது சமம்' போட்டிருந்தால் நிறுத்திவிடும். ஒரு குறிதான் வித்தியாசம். இத்தனை வருஷ வேலையில் நான் அதிகம் திருத்தியது இப்படி விளிம்பில் நிற்கிற பிழைகளைத்தான்.

இன்னொன்று. இஃப் ஒரே தடவைதான் கேட்கும். காலையில் பார்த்து அனுமதித்துவிட்டுப் போலீஸ்காரர் வீட்டுக்குப் போய்விட்டால், மலையில் மழை பெய்து திடீரென்று தண்ணீர் ஏறும்போது யார் தடுப்பது? அதற்குத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிற வைல். அதற்குள்ளேயும், ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் அளவைப் புதிதாக வாங்க வேண்டும். மறந்தால் விடியற்காலை அளவையே ராத்திரி வரை சரிபார்த்துக்கொண்டிருக்கும்.

நான் சி மொழி படித்த காலத்தில் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. பஸ்ஸில் வரும்போது நோட்டில் கோடு கிழித்து, மேலே வேரியபிள் பெயர்கள், கீழே ஒவ்வொரு வரிக்கும் அதன் மதிப்பு என்று எழுதுவேன். நீயும் ரன் கொடுப்பதற்கு முன்னால் விடையைத் தாளில் எழுதிவிடு. திரையில் வேறு விடை வந்தால் பயப்படாதே, எந்த வரியில் இரண்டும் பிரிந்தது என்று தேடு. எரர் வந்தால் கடைசி வரியை முதலில் வாசி, பைத்தான் காரணத்தை அங்கேதான் சொல்லும். ஏஐயிடம் முழுப் புரோகிராமையும் இப்போதே கேட்காதே. நீ எழுதியதில் எங்கே தப்பு என்று கேள்.

காமர்ஸ் குரூப் என்று தயங்காதே. நம் பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனி இருப்பது உனக்குத் தெரியும். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் அந்தக் கிராமத்துக்கே குடிவந்தார். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் புரோகிராம் எழுதும் வேலையைக் கற்றுக்கொடுக்க அவர்களே பள்ளி நடத்துகிறார்கள். கல்லூரிப் பட்டம் கேட்பதில்லை. எங்கள் காலத்தில் இந்த வேலைக்கு ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. உனக்கு ஒரு பஸ் போதும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஞாயிற்றுக்கிழமை வா. லேப்டாப் வேண்டாம், நோட்டு மட்டும் எடுத்து வா. ஐந்தருவியின் ஐந்து கிளையையும் ஒரு லிஸ்ட்டில் போட்டு, எதில் குளிக்கலாம் என்று சொல்கிற புரோகிராமைத் தாளில் எழுதிக் கொண்டுவா. பெரியம்மா உனக்கென்று மங்குஸ்தான் வாங்கி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
பெரியப்பா